தேங்காய் கேட்கிறார் என்று சொன்னேன்

காலைத் தேநீர்க் கூட்டம் ஓய்ந்திருந்தது. கன்டீனின் முன்பலகையில் சிந்திக் கிடந்த சீனியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். எறும்பு வந்துவிடும் என்ற அவசரம். அப்போது முட்கம்பி வாசலில் ஒரு பெண் கறுப்புக் குடையோடு வந்து நின்றார்.

நாற்பது வயதிருக்கும். செருப்பிலும் பாவாடை ஓரத்திலும் செம்மண். காவலுக்கு நின்ற சிப்பாய் சிங்களத்தில் என்னவோ கேட்டான். அவர் அவனுக்குப் பின்னால் இருந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வீட்டில்தான் நான் பாணும் பணிஸும் விற்றுக்கொண்டிருந்தேன்.

"நானா!" என்று சிப்பாய் என்னைக் கூப்பிட்டான். முஸ்லிம் ஆட்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த இராணுவ முகாமில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். யார் வந்து தமிழில் பேசினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

சண்டை முடிந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருக்கும். வன்னியில் ஓர் ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை, அங்கே இப்போது மனிதர்கள் திரும்பி வந்து வாழ்கிறார்கள்.

என் வாழ்க்கையை வாராவாரம் கொஞ்சமாக எழுதி வருகிறேன். எழுதுவதாக ஒருவரிடம் சொல்லியிருந்தும், இந்தக் கதையை மட்டும் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் சிலாபம் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டே சிங்களம் படித்ததை எழுதினேன். அந்தச் சிங்களம் எனக்குச் சோறு போட்டது என்று பெருமையாக முடித்திருந்தேன். என் மனைவி ஹாஜரா வாசித்துவிட்டுக் கடதாசியை மடித்து வைத்தாள். "சோறு போட்டதை எழுதிட்டீங்க. அந்தப் பாஷையால நீங்க செஞ்சதை எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டாள்.

இவ்வளவு காலமும் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்தவர் வீட்டில் கடை

முகாமுக்குள் கடை நடத்துவது ஆமிக்காரர்கள் என்று பலர் நினைப்பார்கள். எங்கள் முகாமில் அப்படி இல்லை. ஒரு முதலாளி ஒப்பந்தம் எடுப்பார். அவர் ஊரில் இருப்பார். எங்களைப் போன்ற வெளியாட்கள் போய் முகாமில் கிடப்போம். எங்கள் முதலாளி சிலாபத்துக்காரர், சந்தையில் என்னை அறிந்தவர். "உனக்கு ரெண்டு பாஷையும் தெரியும், பயப்படாமல் போ" என்றார். நாங்கள் குடியிருந்த புத்தளத்துக் கரைத்தீவில் அப்போது எனக்கு ஒழுங்கான தொழில் இல்லை. மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. போனேன்.

என்னோடு பியதாச என்று ஒருவர். மாதம்பைப் பக்கம். வடையும், மீன் அடைத்த மாலுபாணும் அவர் போடுவார். தேநீரும் வியாபாரமும் என் பொறுப்பு. சவர்க்காரம், சவர அலகு, சப்பாத்துப் பொலிஷ், பிஸ்கட், தொலைபேசிக்கு ரீலோட். வந்து நின்று தேநீர் குடிக்கும் சிப்பாய்கள் தங்கள் ஊர் வயலைப் பற்றியும் தங்கச்சிமாரைப் பற்றியும் பேசுவார்கள். நான் அவர்களை வெறுக்கவில்லை. அவர்களும் என்னை "நானா, நானா" என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள்.

கடை இருந்தது ஒரு வீட்டின் முன்னறையில். சுவர் முழுக்கப் புகை. நடுவில் ஓர் இடம் மட்டும் பழைய பச்சை நிறத்தில், சிலுவை வடிவில். யாரோ மாட்டியிருந்த சிலுவையைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். போன முதல் நாளே பிஸ்கட் அலுமாரியை அதன் முன்னால் தள்ளி வைத்து மறைத்துவிட்டேன். கண்ணுக்கு எதிரே அது இருந்தால் என்னால் வியாபாரம் செய்ய முடியாது.

முகாமுக்குப் பொறுப்பாக ஓர் இளம் அதிகாரி இருந்தார். நாங்கள் "சேர்" என்போம். பின்னேரம் ஆனால் கடைக்கு வந்து ரீலோட் போட்டு, பலகையில் முழங்கையை ஊன்றியபடி தாயோடு கதைப்பார். தாய் குருநாகலில் தனியாக இருந்தார். லீவில் போய் வருகிறவர்களிடம் மகனுக்குக் கொக்கிஸ் பலகாரம் கொடுத்தனுப்புவார். அதில் பாதி எங்கள் கடைக்கு வரும். ஒருநாள் சேர் போனை என்னிடம் நீட்டினார். "மகன் நேரத்துக்குச் சாப்பிடுறானா, முதலாளி?" என்று அந்தத் தாய் என்னைக் கேட்டார். என்னை முதலாளி என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

வாசலில் கேட்டது

"என்ன தங்கச்சி?" என்றேன்.

"இது எங்கட வீடு, நானா." குரல் உயரவில்லை. "வீட்டைக் கேட்டு நான் வரேல்ல. அது எப்ப குடுப்பினமோ குடுக்கட்டும். குசினிக்குப் பின்னால ரெண்டு தென்னை நிக்குதெல்லோ, அதுக்கு நடுவில என்ர மனுசன் கிடக்கிறார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"செல் விழுந்து செத்தவர். சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய ஏலேல்ல. நானும் தம்பியும்தான் கிடங்கு வெட்டித் தாட்டது. அடுத்த நாள் ஊரே எழும்பி ஓடினது, நாங்களும் ஓடிட்டம். ஒரு கல்லுக்கூட வைக்கேல்ல. நீங்கள் இஞ்ச ஆக்கள் புழங்கிறியள். தெரியாமல் அதில குப்பை கொட்டுவியள், தண்ணி ஓடக் கான் வெட்டுவியள். அந்த இடத்தில ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டு பெரியவரிட்டச் சொல்லுங்கோ. ஒரு கல்லு வைக்க மட்டும் விடச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

சொல்லிக்கொண்டே குடையை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் தென்னைகளைக் காட்டினார்.

அந்த நேரம் சேர் வந்தார். நீட்டிய கையைப் பார்த்தார். கை காட்டிய மரங்களைப் பார்த்தார். "மொனவாத மே அம்மா கியன்னே?" என்று என்னைக் கேட்டார். இந்த அம்மா என்ன சொல்கிறார்?

"பொல் இல்லனவா, சேர்," என்றேன்.

தேங்காய் கேட்கிறார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வீட்டு ஆள் போல. அவங்கட மரம்தானே, பாவம். பறிச்சுக் குடுங்க" என்று சிப்பாயிடம் சொன்னார். அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினான். கொஞ்ச நேரத்தில் ஒரு சாக்கு நிறையக் காய்கள் அந்தப் பெண்ணின் காலடிக்கு வந்தன.

அவர் சாக்கைப் பார்த்தார். "என்ன இது?"

"கொண்டு போகச் சொல்றார்."

"நான் கேட்டதுக்கு என்ன சொன்னவர்?"

"இப்ப ஏலாதாம், தங்கச்சி. பிறகு பார்ப்பமாம்."

அவர் தலையை நிமிர்த்தி அதிகாரியை நேராகப் பார்த்தார். சேர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். நல்ல காரியம் ஒன்று செய்த மனிதனின் சிரிப்பு. அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது.

சாக்கைத் தொடாமல் திரும்பி நடந்தார்.

"ஏன், எடுக்காமல் போறாங்க?" என்று சேர் கேட்டார்.

"பாரமாம், சேர்."

அன்று மத்தியானம் பியதாச அந்தத் தேங்காயில் சம்பல் இடித்தார். பாணோடு எல்லோரும் தின்றார்கள். நானும் தின்றேன்.

நியாயங்கள்

பிற்பாடு எத்தனையோ நியாயங்களைக் கண்டுபிடித்தேன். உள்ளே ஓர் உடல் இருக்கிறது என்று சொன்னால் விசயம் அதிகாரியோடு நிற்காது. பொலிஸ் வரும், நீதவான் வருவார், தோண்டுவார்கள், கடையை மூடச் சொல்வார்கள். முதலாளி என்னைத்தான் பிடிப்பார். செல் எங்கிருந்து வந்தது என்றொரு கேள்வி எழும்பும். அதைச் சிங்களத்தில் சொன்ன வாய் என் வாயாக இருக்கும். பயந்தேன். இதெல்லாம் உண்மைதான்.

இதற்கெல்லாம் கீழே இன்னொன்று கிடந்தது. அதை ஹாஜராவிடம் சொல்லவே எனக்குப் பல வருசம் பிடித்தது.

நாங்கள் மன்னார்த் தீவுக்காரர். தொண்ணூறில் துவக்கோடு வந்த இயக்கத்துப் பொடியன்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது வாப்பா மௌத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கபுரில் மண் இறுகியிருக்காது. மையவாடிக்குப் போய் ஒரு யாசீன் ஓதிவிட்டு வருகிறேன் என்று வீதியில் நின்ற துவக்குக்காரனிடம் கேட்டேன். "நேரமில்லை, நட" என்றான். தமிழில்தான் சொன்னான். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

வள்ளத்தில் மழையோடு கற்பிட்டியில் வந்து இறங்கினோம். உம்மா நனைந்த சேலையோடு கரையில் உட்கார்ந்து, வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தா.

இருபது வருசம் கழித்து ஒரு பெண் தன் வீட்டு வாசலில் நின்று, செத்த மனுசனுக்கு ஒரு கல் வைக்க விடுங்கள் என்று என்னிடம் கேட்டபோது, எனக்குள் எங்கோ ஒரு மூலையில் சந்தோசம் மாதிரி ஒன்று எழும்பியது. இப்ப விளங்குதா உங்களுக்கு, என்று கேட்கிற சந்தோசம். நான் பொய் சொல்லிவிட்டேன் என்பதைவிட, அந்த நொடியில் அது எனக்கு இனித்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் துவக்குக்காரனுக்கும் அவருக்கும் என்ன உறவு? இருவரும் பேசியது தமிழ். நானும் அதைத்தான் பேசுகிறேன்.

சீமெந்து

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சில கிழமை கழித்து முதலாளி லொறியில் சீமெந்து அனுப்பினார். கோப்பை, தட்டு கழுவ ஓர் இடம் கட்ட வேண்டும். பியதாச குசினிக்குப் பின்னால் கயிறு பிடித்தார். சரியாக அந்த இரண்டு தென்னைக்கும் நடுவில்.

"இதில வேண்டாம், கிணத்தடியில போடுவம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"தண்ணி இந்தப் பக்கம்தானே ஓடுது, நானா? ஏன் வேண்டாம்?" என்று கேட்டார்.

பியதாச நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை நான் தொழ ஒதுங்கும்போது கடையையும் அடுப்பையும் சேர்த்துப் பார்த்தவர். அவரிடம் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும், கயிறைச் சுருட்டியிருப்பார்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

சீமெந்தைக் குழைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. பலகை பிடித்து மட்டம் பார்த்ததும் நான்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதில் நின்றுதான் கோப்பை கழுவினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். "இது என்ன, பள்ளிவாசலா?" என்று பியதாச பகிடி பண்ணுவார். நான் செய்த மரியாதை அவ்வளவுதான்.

சில மாதத்தில் சேருக்கு இடமாற்றம் வந்தது. போகும்போது கட்டிப்பிடித்து விடைபெற்றார். மகளின் கலியாணம் முடிவானதும் நானும் கரைத்தீவுக்கு வந்துவிட்டேன்.

தலவில் ஒரு கச்சான் கடை

பிறகு எனக்குப் பழகிய தொழில் திருவிழாக் கடை. தலவில் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு வடக்கிலிருந்தெல்லாம் சனம் வரும். கடற்கரைப் பக்கமாகக் கூடாரம் அடித்து, கச்சானும் கடலையும் மஸ்கட் அல்வாவும் வைத்திருப்பேன். மணலும் மெழுகுதிரி வாசமும், நாள் முழுக்க ஒலிபெருக்கியில் செபமும்.

ஒரு வருசம் கச்சான் வறுத்துக்கொண்டிருக்கிறேன். எதிரே இரண்டு பெண்கள். ஒருவர் என்னையே பார்த்தார்.

"நீங்கள் அந்தக் கன்டீன் நானா எல்லோ?"

குடை இல்லை. தலைமயிர் பாதி நரைத்திருந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"ஓம், தங்கச்சி" என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் தைரியம் வேண்டும்.

காணியை விட்டுவிட்டார்கள் என்றார். அவரும் தம்பியும் மூன்று நாள் அலவாங்கு போட்டுச் சீமெந்தை உடைத்தார்களாம். "நல்ல கனமாப் போட்டிருந்தவங்கள், நானா. கை ரெண்டும் பொக்களிச்சுப் போச்சு." சாரத்துக்குக் கட்டியிருந்த பெல்ட்டை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்களாம். முறைப்படி பொலிசுக்குச் சொல்லி, சுவாமியாரைக் கூப்பிட்டு, சேமக்காலையில் கொண்டுபோய் வைத்தார்களாம்.

என் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. கச்சான் கருகியது.

"அந்த ஆமிப் பெரியவனை மட்டும் நான் விடேல்ல" என்றார். "இதில ஆள் கிடக்கெண்டு சொன்ன பிறகும் அதுக்கு மேலயே சீமெந்து போட்டவன். தேங்காயைத் தந்திட்டு நிண்டு சிரிச்சவன். இஞ்ச தங்கச்சி இருக்கிறாள், வருசா வருசம் திருவிழாவுக்கு வாறனான். வந்து அன்னம்மாவிட்ட ஒண்டுதான் கேப்பன். அவன்ர தாயும் ஒருநாள் ஒரு வாசலில போய் நிக்கோணும். பிள்ளைக்காகக் கெஞ்சோணும். ஒருத்தரும் அவளுக்குப் பதில் சொல்லக்கூடாது."

குருநாகல் தாயின் குரல் எனக்குக் கேட்டது. மகன் நேரத்துக்குச் சாப்பிடுறானா?

"நீங்கள் நான் சொன்னதை அப்பிடியேதானே சொன்னனீங்கள், நானா?"

கேட்டது சந்தேகத்தில் அல்ல. என்னைச் சாட்சிக்கு இழுத்தார், அவ்வளவுதான்.

"அப்படியேதான் சொன்னேன்" என்றேன்.

"நீங்கள் என்ன செய்யிறது! உங்கட கையில என்ன கிடந்தது?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தங்கச்சியின் வீடு குறிஞ்சிப்பிட்டியில், வெங்காயக் காலத்தில் தானும் அங்கே வந்து வேலைக்கு நிற்பதாகச் சொன்னார். "அந்தப் பக்கம் வந்தால் வாங்கோ. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

திருவிழா முடியும் முன்னமே கடையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

குறிஞ்சிப்பிட்டி

அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். ஓதப் போன வயதிலேயே படித்தது. படித்தும், அதற்குப் பிறகு இரண்டு நோன்புக் காலம் போய்விட்டது.

மூன்றாவது நோன்பில் ஹாஜராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  "நீங்க ஒங்கட பாவத்தைச் சுமக்கிறது ஒங்கட பாடு. அந்தத் தாய் என்ன செஞ்சா? அவ மேல ஏன் ஏத்தி வெச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

பெருநாள் கழிந்து, வெங்காயக் காலம் வரும்வரை பொறுத்திருந்தேன். கரைத்தீவிலிருந்து புத்தளம் வந்து கற்பிட்டி பஸ் எடுத்தேன். பாலாவி உப்பளங்களைத் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். இறங்கவில்லை.

தென்னோலைப் பந்தலின் கீழ், சாக்கு விரித்து, அவர் தனியாக உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாங்கோ நானா! இருங்கோ, தேத்தண்ணி போடச் சொல்லுறன்."

"வேண்டாம் தங்கச்சி. நான் சொல்ல வந்ததைக் கேட்டுட்டு, பிறகு தாறதெண்டா தாங்க."

நின்றபடியே சொன்னேன். "அண்டைக்கு நீங்க சொன்னதை நான் சொல்லல்ல. நீங்க தேங்காய் கேக்கிறதாச் சொன்னேன். அவர் அதை நம்பித்தான் பறிச்சுத் தந்தார். ஏலாதெண்டு அவர் சொல்லல்ல. அது நான் கட்டினது. அங்க ஒருத்தர் கிடக்கிறார் எண்டு அவருக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. சீமெந்து போட்டதில நானும் நிண்டனான். திருவிழாவில உங்களுக்குச் சொன்னதும் பொய்."

அவர் அறுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பிடி முடிந்தது. அடுத்த பிடியை எடுத்தார். அதுவும் முடிந்தது. பிறகுதான் கத்தி நின்றது.

"ஏன்?"

பயத்தைச் சொன்னேன். மன்னாரையும் வாப்பாவின் கபுரையும் சொன்னேன். எனக்குள் எழும்பிய அந்தச் சந்தோசத்தையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"அந்த ஆமிக்காரற்ற பேர் என்ன?" என்று கேட்டார்.

"சந்தன."

"தாய் இருக்கிறாவோ?"

"அப்ப இருந்தாங்க. இப்ப தெரியாது."

"சந்தன" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "இத்தனை வருசமும் ஒரு பிழையும் செய்யாத தாயைக் கரிச்சுக் கொட்டியிருக்கிறன். நாளைக்குக் கோயிலுக்குப் போகோணும். பேர் சொல்லி, கேட்ட எல்லாத்தையும் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேக்கோணும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "அதைக் கேக்காதேங்கோ. இப்ப என்னட்ட அது இல்லை."

இதை எழுதப் போகிறேன், உங்கள் பெயரைப் போடமாட்டேன் என்றேன்.

"என்ர பேர் வேண்டாம். அவற்ற பேரைப் போடுங்கோ." முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "அவற்ற தலைமாட்டில நிண்டு எத்தினை மாசம் கோப்பை கழுவினனீங்கள்? திருவிழாவில வைச்சு இவ்வளவு கதைச்சம், இண்டைக்கு வந்து இவ்வளவு சொல்லுறியள். அவற்ற பேர் என்னெண்டு ஒருக்காலும் கேக்கேல்ல."

உண்மைதான். கேட்கவில்லை. அப்போதுதான் கேட்டேன்.

அருளப்பு. அந்தத் தென்னைகளுக்கு நடுவில் கிடந்த மனிதரின் பெயர் அருளப்பு.

எங்கள் பக்கத்தில் விருந்தாளியை மட்டுமல்ல, யாசகம் கேட்டு வந்தவரையும் "போயிட்டு வாங்கோ" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த பிடிக்குக் குனிந்தார்.

"போங்கோ, நானா" என்றார்.